ராயபுரத்துத் துறவி

பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருப்பது வீண்போகவில்லை. அந்தக் காற்று பட்டால் இன்றைக்கும் துறவு வந்துவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் விடும் முதலாளி ஒருவரைச் சொல்கிறேன். பெயர் எதற்கு, இவரைப் போல் பலர் உண்டு. டீசல் பங்க்கில் பாக்கி, டயர் கடையில் பாக்கி, டிரைவர்களுக்கு மூன்று மாத பேட்டா பாக்கி. வக்கீல் நோட்டீஸ் வந்த மறுநாளே மனம் கனிந்து, ராயபுரத்தில் இருந்த ஒரே மாடி வீட்டை 'அன்பினாலும் பிரியத்தினாலும்' மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார். இருபது வருடமாக ஒரு முழம் பூ வாங்கித் தராத மனிதர்! ஒரு ரிஜிஸ்டர் தபால் செய்த அற்புதம் இது.

பட்டினத்தாராவது வீட்டை விட்டுப் போனார். இவர் அந்த வீட்டிலேயே படுத்து, கீழ்ப்போர்ஷன் வாடகையையும் தானே வாங்கிக்கொண்டு துறக்கிறார். எது கடினம், சொல்லுங்கள். இங்கிலாந்தில் பியர்ஸ் என்றொருவர் இதே யோகத்தைச் செய்து பார்த்தார். கடன்காரர் ஒருவர் வழக்குப் போட்டிருக்கும்போதே சொத்தையெல்லாம் டுவைன் என்பவருக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஆடுகளுக்குத் தானே ரோமம் கத்தரித்துத் தன் அடையாளமே போட்டுக்கொண்டிருந்தார். 1601இல் அந்த ஊர்க் கோர்ட்டு அதை மோசடி என்றது. ஆன்மிகம் தெரியாத தேசம்.

நம் அரசுக்குத் தெரிகிறது. ஒரு கோடி ரூபாய் வீட்டை விற்றால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம், அதாவது 9 லட்சம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 40,000மும் 10,000மும்தான் உச்சவரம்பு. அன்புக்கு அவ்வளவு தள்ளுபடி.

சட்டமும் தாராளம்தான். 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டம், 53ஆம் பிரிவு: கடன்காரர்களை ஏய்க்கவோ இழுத்தடிக்கவோ எழுதிய பத்திரத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம். தானாக ரத்தாகாது, அப்படி ஒரு பெருந்தன்மை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட டயர்க்காரர், தனக்காக மட்டுமில்லாமல் எல்லாக் கடன்காரர்களுக்காகவும் வழக்குப் போட வேண்டும். உள்நோக்கத்தையும் காட்ட வேண்டும். முத்திரைத்தாளிலோ அன்பு, பிரியம் என்று தெளிவாக இருக்கிறது. நோட்டீஸுக்கு மறுநாள், மனைவி பெயர், ஒரே சொத்து என்று கோர்ட்டும் கணக்குப் போடும், இல்லையென்று சொல்லவில்லை. எத்தனை வாய்தாவில் என்பதுதான் அவர் பாடு.

தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி உண்டு. ஜப்தி விழுந்த சொத்தை அப்புறம் யாருக்கு எழுதினாலும் அந்தக் கடனுக்கு எதிராகச் செல்லாது. அதனால்தான் ஞானம் எப்போதும் ஜப்திக்கு முந்தியே உதிக்கிறது. துறக்கப் போகிறேன் என்று ஊருக்குத் தம்பட்டம் அடிக்காத அடக்கமும் அதனாலேயே.

எனக்கு மிகவும் பிடித்தது நம் துறவியுடைய பொறுமை. மஞ்ச நோட்டீஸ் கொடுத்து இன்ஸால்வென்ட் ஆனால், அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்குள் இனாமாகக் கொடுத்ததெல்லாம் செல்லாது என்று 1909ஆம் வருடச் சட்டமும் சொல்கிறது, 1920ஆம் வருடச் சட்டமும் சொல்கிறது. அவருக்கென்ன அவசரம்? இரண்டு வருடம் தாண்டும்வரை, வாசலில் வந்து நிற்கும் டிரைவரிடம் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "வர வெள்ளிக்கிழமை வாப்பா, பாத்துக்கலாம்."