வரியகச் சாயவியல்: ஒரு புள்ளியை முன்வைத்து

ஒரு கோப்பின் பழைய படியையும் புதிய படியையும் ஒப்பிடும் கருவி, மாறிய வரியைச் சுட்டிக்காட்டும். அந்த வரிக்குள் எந்த எழுத்து மாறியது என்பதைக் கொஞ்சம் அழுத்தமான சாயம் பூசிக் காட்டுவது அதற்கடுத்த படிநிலை. போர், பஞ்சம், வரிவிதிப்பு முதலான சில்லறை விஷயங்களுக்கெல்லாம் பல்கலைக்கழகங்களில் தனித்துறைகள் இருக்க, இந்தச் சாயத்துக்கு ஒரு துறை இல்லாதது அறிஞர் உலகின் பெருங்குறை. அதைப் போக்கும் பொருட்டு வரியகச் சாயவியல் என்ற துறையை இக்கட்டுரை இன்று முதல் நிறுவுகிறது. துறைத்தலைவர் பதவி காலியாக இல்லை.

நமது கருதுகோள் இது: குறைவாகச் சாயம் பூசுவது வேறு, சரியாகச் சாயம் பூசுவது வேறு. இரண்டு வரிகளுக்கிடையே எத்தனை குறைந்த மாற்றம் போதும் என்று கணக்கிடும் இயந்திரம், எழுதியவர் செய்த மாற்றத்தையே காட்டிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. எழுதியவருக்கு அப்படி எந்தச் சிக்கன எண்ணமும் இருந்திருக்காது.

முன்னோர்

கண் இயல்பிலேயே சோம்பேறி. ஆனால் அசைவைக் கண்டால் நிமிர்ந்து உட்காரும். இதை முதலில் முறையாகப் பயன்படுத்தியவர்களில் வானியலாளர்கள் உண்டு. ஒரே வானப்பகுதியை வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிக் காட்டினால், இடம் பெயர்ந்த பொருள் மட்டும் துள்ளும். அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைப் பிடித்தது இப்படித்தான். இந்த உத்தியை நூலகத்துக்குள் கொண்டுவந்தவர் சார்ல்டன் ஹின்மன். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் ஃபோலியோ 1623இல் அச்சானபோது, அச்சு ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிழை திருத்தினார்கள். ஆகவே படிக்குப் படி வேறுபாடு. வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்துப் படிகளில் 55ஐ ஹின்மன் கண்ணாடிகளும் விளக்குகளும் பொருத்திய ஒரு பொறியில் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, முடிவுகளை 1963இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். துள்ளியவை பெரும்பாலும் அற்பமான அச்சுத் திருத்தங்கள். நம் துறையின் பிதாமகர் பட்டத்துக்கு வேறு வேட்பாளர் இல்லை.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்ததும் இதே குலத்தொழில்தான், இன்னும் கடினமான நிலையில். ஓலைச்சுவடிகளில் பொதுவாக மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம் ஒன்றாகவே இருக்கும். துணைக்காலா ரகரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதாவது, இன்றைய கருவிகள் ஆசையோடு சாயம் பூசுகிற அந்தப் புள்ளி, ஏட்டில் கிடையவே கிடையாது.

கணினியில் இந்தக் கதை பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய டிஃப் என்ற ஒப்பீட்டுக் கருவி, 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அவரும் ஜேம்ஸ் ஹண்ட்டும் அதன் வழிமுறையை 1976இல் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். அதில் வரிதான் அணு. வரியை ஓர் எண்ணாகச் சுருக்கி எண்களை ஒப்பிடுவார்கள். எண் வேறென்றால் வரி வேறு. எவ்வளவு வேறு என்று கேட்க இடமில்லை. காற்புள்ளி போனாலும் ஒன்றுதான், காப்பியம் போனாலும் ஒன்றுதான்.

நிரல் எழுதுகிறவர்களின் வரிகள் குட்டையானவை, அதனால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வக்கீல்களும் கட்டுரையாளர்களும் ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடிக்கிற சாதி. ஒப்பந்தத்தின் நீண்ட பத்தி ஒன்றில் ‘மற்றும்’ என்பது ‘அல்லது’ ஆகிவிட்டதென்றால், டிஃப் அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பாக்கி, அதன் கீழே அதே பத்தி முழுவதையும் பச்சையாகப் போடும். அந்த ‘அல்லது’வைக் கண்டுபிடிக்கும் வேலை வாசகருக்கு. கண்டுபிடிக்காவிட்டால் நீதிபதிக்கு.

பொருத்தம் பார்க்கும் படலம்

சாயம் பூசுமுன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூன்று வரிகள் போய் ஐந்து வரிகள் வந்திருக்கின்றன. எந்தப் பழைய வரிக்கு எந்தப் புதிய வரி ஜோடி? இது முழுக்க முழுக்க ஜாதகப் பொருத்தம். கிட் மென்பொருளோடு வரும் டிஃப்-ஹைலைட் என்ற குட்டி நிரல் இதில் கடும் ஆசாரம். போனவையும் வந்தவையும் எண்ணிக்கையில் சமமாக இருந்தால்தான் அது பந்தலுக்குள்ளேயே வரும். வந்தபின் முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று வரிசையாகக் கைப்பிடித்துக் கொடுத்துவிடும். ஒரு பக்கம் ஓராள் கூடினால் முகூர்த்தம் ரத்து.

பைத்தான் நிரல்மொழியோடு வரும் டிஃப்லிப் என்ற ஒப்பீட்டு நூலகம் நிதானமான ஜோசியர். இரண்டு வரிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, 0.75க்குக் கீழே வரும் ஜோடிக்கு வேறிடம் பார்க்கச் சொல்லும். பத்துக்கு ஏழரை. நம்மூர் ஜோசியர்கள் ஐந்தாறுக்கே தலையாட்டுவதை நினைத்தால் இது கறார்தான். எண் ஏழரையாக அமைந்ததற்குச் சனீஸ்வரனைப் பொறுப்பாக்க இவ்வாய்வாளருக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

சாயம் வழிதலும் தெறித்தலும்

ஜோடி சேர்ந்தபின் எங்கே பூசுவது? விம் திருத்தி நெடுங்காலம் ஒரே முறையைக் கடைப்பிடித்தது: வரியின் முதல் வேறுபாட்டிலிருந்து கடைசி வேறுபாடு வரை ஒரே இழுப்பு. வரித் தொடக்கத்தில் ஓரெழுத்தும் முடிவில் ஓரெழுத்தும் மாறியிருந்தால், நடுவில் சிவனே என்று நின்ற சொற்களெல்லாம் சேர்ந்து நனையும். எழுத்துவாரியாகவோ சொல்வாரியாகவோ பிரித்துக் காட்டும் தெரிவு அதில் 2025இல்தான் சேர்ந்தது.

எழுத்துவாரியாகப் பூசுவதில் எதிர்த்திசை ஆபத்து. யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட வழிமுறை மிகக் குறுகிய திருத்தப் பட்டியலைக் கண்டுபிடித்துத் தரும்; அதை வரிகளுக்குப் பதில் எழுத்துகளின் மேல் ஏவினால் என்ன நடக்கும்? ‘சென்றான்’ என்பதை அடித்துவிட்டு ஒருவர் ‘வந்தாள்’ என்று எழுதுகிறார். ஆளும் வேறு, பாலும் வேறு, திசையும் வேறு. இயந்திரத்துக்கு ‘சென்றான்’ எட்டுக் குறியீடுகள், ‘வந்தாள்’ ஏழு. இரண்டிலும் அதே வரிசையில் வருபவை மூன்று: ஒரு புள்ளி, ஒரு துணைக்கால், இன்னொரு புள்ளி. எனவே அது அறிவிக்கும் தீர்ப்பு: ஆசிரியர் அந்த ஆணைப் போகவிடாமல் ஒரு பெண்ணை வரவழைத்தார்; எனினும் இரண்டு புள்ளிகளையும் ஒரு காலையும் பரிவோடு காப்பாற்றிக்கொண்டார். கணக்கு தப்பில்லை. திரையில் பார்த்தால் சாயம் தெறித்த வேட்டி.

டிஃப்லிப்பிடம் இந்த இரண்டு சொற்களையும் தனியே கொடுத்தால் 0.4 மதிப்பெண் போடும், ஜோடி கிடையாது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று கொடுத்தால் 0.86, னகரத்தின் மேல் மட்டும் குறி விழும். மனிதர்கள் ஒப்புக்கொள்ளும் விடை இரண்டு இடத்திலும் இதுவே. தன் நோக்கம் மிகக் குறைந்த திருத்தமல்ல, பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் பொருத்தம் என்று டிஃப்லிப்பின் கையேடே சொல்லிவிடுகிறது. நம் கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் அது வரிக்குக் கீழே இன்னொரு வரியில் சிறு கூம்புக்குறி போட்டு இடத்தைச் சுட்டும் பழக்கமுடையது. தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் தனி அகலம் பிடிப்பதில்லை என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. குறி இரண்டு மூன்று வீடு தள்ளிப் போய் நிற்கும்.

அப்படியானால் சொல்வாரியாகவே பூசிவிடலாமே என்பார்கள். கிட்டில் அந்த வசதி உண்டு. இடைவெளிக்கும் இடைவெளிக்கும் நடுவே இருப்பது சொல் என்பது அதன் இலக்கணம். தமிழில் அந்த நடுவே ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு ரயிலே நிற்கலாம். ‘எல்லாம்’ மட்டும் கழன்றாலும் வண்டி முழுதும் சிவக்கும். இன்னும் நுட்பமாகச் சொல்லைப் பிரிப்பதாகச் சொல்லும் கருவிகள் நிலைமையை மோசமாக்கும். பைத்தானின் வழக்கமான தேடல் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்ற வகையைக் கேட்டால், உயிர்க்குறியும் புள்ளியும் அதில் சேராது. ‘தமிழ்’ என்ற சொல் அதன் கண்ணுக்கு ‘தம’ என்று ஒரு சொல், ‘ழ’ என்று இன்னொன்று.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனது சிவப்பு, வந்தது பச்சை என்பது வழக்கம்; ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் தடுமாற்றம் உண்டு என்பது இதைத் தேர்ந்தெடுத்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. விக்கிப்பீடியா மஞ்சளும் நீலமும் வைத்துக்கொண்டிருக்கிறது. உருப்படியான முடிவு.

கண் காணா வேறுபாடு

துறையின் பெருமைக்குரிய பகுதி இது. ‘கௌரவம்’ என்று ஒருவர் அடிக்கிறார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரவம்’ என்று அடிக்கிறார். பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது; தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இங்கே வரிக்குள் விழும் சாயம் மெய்ப்புத் திருத்துநரின் கண்ணுக்குத் தப்பியதைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்காக ஒரு மாலை போடலாம்.

ஆனால் ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரத்துக்குத் தம்பியான ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டும் சமம் என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. பல டிஃப் கருவிகள் அந்த விதியைப் படித்ததில்லை. ஆகவே மேலே சிவப்பு, கீழே பச்சை, இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம்.

“என்னப்பா மாத்தினே இதுல?”

“ஒண்ணும் மாத்தலை சார்.”

“அப்புறம் ஏன் சிவப்பா இருக்கு?”

இதற்கு மருந்து உண்டு: ஒப்பிடுமுன் இரண்டு படிகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதோடு, எழுத்தைப் பிளக்காமல் உயிர்மெய்யை முழுசாகவே பூச வேண்டும். கொம்பை மட்டும் தனியே பிரித்துப் பூசும் கருவிகளில் அது பிடிமானமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். இவ்விரு சீர்திருத்தங்களையும் துறை தனது முதல் ஆண்டுக் கோரிக்கையாக முன்வைக்கிறது.

வரியின் கடைசியில் யாரோ தட்டிவிட்டுப் போன வெற்றிடத்துக்குக்கூட கிட் பளீரென்று சிவப்புப் பின்னணி தருவது பற்றி இங்கே பேச இடமில்லை. அது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு உரியது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவர், தேர்வாளர்கள் டிஃப் கட்டளையோடு, வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் மைனஸ் டபிள்யூ சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவிட்டால் ஆய்வேட்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும்.