163

2041-ஆம் ஆண்டு உலக டார்ட்ஸ் போட்டியின் இரண்டாம் சுற்றிலேயே லூக் லிட்லர் தோற்றுப்போனார். ஞாயிறு ராத்திரி சேதி தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோற்கடித்தவனின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அப்படி ஒருவன் இருப்பதாகவே ஆகிவிடும். இன்றைய தேதிக்கு அவன் தொட்டிலில் கிடக்கலாம், பிறக்காமலேகூட இருக்கலாம். அவனை உண்டாக்கியது என் அக்கா மகன், பதினைந்து வயதுப் பயல். கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து 128 ஆட்டக்காரர்கள், அத்தனை சுற்றுகள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் செட் விவரம், மூன்று அம்புக்கான சராசரி என்று எழுதி வைத்திருக்கிறான். சராசரியில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வேறு. ஒரு டச்சுக்காரருக்கு முழங்கை வலி என்றுகூடக் குறிப்பு இருக்கிறது.

பையனுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் கேட்கவில்லை. 2031 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு இந்திய அணியைப் பொறுக்கி முடித்துவிட்டு, ஏழாவதாக யாரை இறக்குவது என்று புரண்டு படுக்கிற நாம் எந்த வாயால் கேட்பது? என் ஆத்திரம் வேறு. அதைச் சொல்லிவிட்டு இறுதிப் போட்டிக்கு வருகிறேன். அந்த முடிவைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

2041 ஜனவரியில் லிட்லருக்கு 33 வயது. இந்த ஆட்டத்தில் அதெல்லாம் ஒரு வயதா? 2025-இல், பதினேழு வயதில், மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று சாய்த்து உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டும் பட்டத்தை விடாமல் பத்து லட்சம் பவுண்டை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் பார்த்தால், ஃபில் டெய்லர் 57 வயதில் 2018 இறுதிப் போட்டி வரை வந்தார். பதினாறு உலகப் பட்டம் வாங்கிய மனிதர். அவர் பெயரை எடுத்தால், "அவரு உங்க காலத்து ஆளு மாமா" என்கிறான். என் காலமாம். 2018!

போட்டி நடக்கிற இடத்தையும் மாற்றிவிட்டான். 1993 டிசம்பரில் எசெக்ஸ் பக்கம் பர்ஃப்ளீட்டில், சர்க்கஸ் டேவர்ன் என்ற இடத்தில் இருபத்து நாலே பேரோடு தொடங்கிய போட்டி இது. 2007 டிசம்பரிலிருந்து வடக்கு லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடக்கிறது. ஊரார் ஆலி பாலி என்பார்கள். 1873-இல் திறந்து பதினாறே நாளில் எரிந்து, திரும்பக் கட்டி, 1980-இல் இன்னொரு முறை எரிந்து, அப்படியும் குன்றின் மேல் நிற்கிற கட்டடம். அதைப் பையன் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் காலி செய்துவிட்டான். நான் இருப்பது வுட் கிரீனில். டிசம்பர் மாதம் டபிள்யூ3 பஸ்ஸில், போட்டி பார்க்க வேஷம் கட்டிக்கொண்டு போகிற கூட்டத்தில், பக்கத்து சீட்டில் ஒரு வாழைப்பழமும் எதிர் சீட்டில் தாடி வைத்த நாலு கன்னியாஸ்திரிகளும் பாடிக்கொண்டு வருவார்கள். மாமனாவது உட்கார்ந்து போகட்டும் என்று இடத்தை மாற்றியிருந்தால் மன்னித்திருப்பேன். புது அரங்கத்தில் குளவி வராதாம், அதுதான் காரணமாம். நடுக்குளிரில் மேடை விளக்கைச் சுற்றிவிட்டு, எறியப் போகிறவரின் கழுத்தில் வந்து உட்காரும் அந்தக் குளவி இல்லாமல் என்ன உலகப் போட்டி?

சரி, அரையிறுதி. அங்கேதான் என் பொறுமை போனது. ஐந்தாவது செட்டின் கடைசி லெக்கில், லிட்லரை வீழ்த்திய அதே ஆள் 163-ஐ மூன்றே அம்பில் முடிக்கிறான்.

நூற்று அறுபத்து மூன்றை!

ஒரு லெக்கை முடிக்க 501-லிருந்து கழித்துக்கொண்டே சைபருக்கு வந்து, கடைசி அம்பு டபுளில் விழ வேண்டும். நடுவிலிருக்கும் புல்லும் டபுள் கணக்குத்தான், அதற்கு 50. ஓர் அம்பில் எடுக்கக்கூடிய உச்சம் ட்ரிபிள் 20, அதாவது 60. இரண்டு ட்ரிபிள் 20 போட்டால் 120, மிச்சம் 43. ஒற்றைப்படைக்கு எங்கே போய் டபுள் அடிப்பது? புல்லில் முடிக்கலாமென்றால் முதல் இரண்டு அம்பில் 113 வேண்டும். 60 போனால் 53, பலகையில் 53 கிடையாது. 57 போனால் 56, அதுவும் கிடையாது. டபுள் 20-இல் முடிக்க இரண்டு அம்பில் 123 வேண்டும், அது தலைகீழாக நின்றாலும் வராது. 170 முடியும். 167, 164, 161 முடியும். 169, 168, 166, 165, 163, 162, 159 இந்த ஏழும் மூன்று அம்பில் முடியவே முடியாது. முடிக்க முடியாத எண்ணை முடித்தவன்தான் இறுதிப் போட்டிக்குப் போகிறான்!

சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அப்ப 164-ஐ முடிச்சுட்டுப் போகட்டுமே, ஒரு நம்பர்தானே" என்றாள். அன்றோடு தூக்கமும் போனது. 164 மிச்சம் இருந்தால்தானே 164-ஐ முடிப்பது? 163-இல் நிற்கிறவன் இரண்டு ட்ரிபிள் 20 போட்டுவிட்டு, மூன்றாவது அம்பில் 3 எடுத்து 40 மிச்சம் வைக்கலாம், 11 எடுத்து 32 மிச்சம் வைக்கலாம். பிறகு அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு எதிராளிக்கு வழிவிட வேண்டும். டெய்லரே ஆனாலும் வழிவிட வேண்டும். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் "163" என்றேன். "பவுனா, பவுண்டா?" என்றார். அவருக்கு முதலிலிருந்து விளக்கினேன். 57-க்கு வரும்போது அவர் வீட்டில் திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார்கள். பல் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை, என் வாய் அவர் கையில் இருந்தது. வெளியே வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அடுத்த முறை எப்போது வரச் சொல்லலாம் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஆடத் தெரியாது என்பது வேறு விஷயம். பலகையிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி நின்று நான் எறிந்தவை எல்லாம் எங்கள் வீட்டுக் கதவில் இருக்கின்றன. ஆனால் கழித்தல் தெரியும்.

பயலை உட்கார வைத்துக் கேட்டேன்.

"அது 2041 மாமா. அப்ப போர்டை மாத்தியிருப்பாங்க."

"யாரு மாத்தினாங்க?"

"நான்தான்."

புல்லுக்கு இனி 50 இல்லையாம், 43-ஆம். நூறாண்டுக்கு மேலாக 20-க்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 1 என்று காவல் வைத்து, பேராசைப்பட்டவன் கையில் சில்லறையைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிற பலகை. அதில் ஒரே ராத்திரியில் கை வைத்துவிட்டான், தன் ஆளைக் காப்பாற்ற.

"அப்ப 170 என்னடா ஆகும்?"

"இருக்காது. இனிமே 163-தான் உச்சம்."

இந்தக் கழித்தலை மட்டும் சரியாகப் போட்டிருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. புல்லைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு அதில் பாதி, 25. அப்படியானால் 43-இல் பாதி இருபத்தொன்றரையா என்று மடக்கினேன். "அட, ஆமா" என்று நோட்டில் குறித்துக்கொண்டான். ஆக, 2041-இல் அரைப் புள்ளி வந்துவிட்டது. அதற்கும் நானே வழி செய்து கொடுத்தாயிற்று.

போகிற போக்கில், சண்டை எதற்கென்று, "அந்தப் புது அரங்கத்துல எனக்கு ஒரு டிக்கெட்டாவது போடுடா" என்றேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"வித்துத் தீர்ந்துடுச்சு மாமா. 2042-க்கு வேணும்னா இப்பவே சொல்லி வைங்க."