ஜூசரியல்: கழுவலும் கழித்தலும்

ஜூசர் என்பது யாது? எனின், பழத்தைச் சாறும் சக்கையுமாகவும், வீட்டாரைக் குடிப்பவரும் கழுவுபவருமாகவும் பிரிக்கும் மின்கருவி என்க. முதற்பிரிவினை பற்றி விளம்பரம் எழுதியோர் பலர். இரண்டாவது பற்றி ஒருவரும் வாய் திறந்திலர். அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

முதற்பொருளில் நிலம், ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து மேடையேறிய இடம். பொழுது, ஞாயிறு காலை. மற்றக் கிழமைகளில் எவரும் ஜூசரைத் தொடுவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது ஞாயிறும் தொடவில்லை. அந்நாட்களில் எம் சல்லடை பளபளவென்றிருந்தது. கருப்பொருள், தோடம்பழம், அன்னாசி, கரட், அலுமாரி. உரிப்பொருள், கழுவுதலும் கழுவுதல் நிமித்தமும். ஊடலும் இதனுள் அடங்கும்.

ஆய்வுக்கூடம் எங்கள் குசினி. மூன்று கரட்டும் ஒரு தோடம்பழமும் ஒரு கிளாஸ் சாறாக 50 விநாடி பிடித்தது. கருவியைக் கழுவ 17 நிமிடம். அதில் 11 நிமிடம் சல்லடைக்கே. காரணம் எளிது: வேகமாய்ச் சுழலும் சல்லடை சாற்றை வெளியே வீசும்போது நாரை ஓட்டைகளுக்குள் அறைந்துவிடுகிறது. ஈரமாய் இருக்கும்வரை நார் தண்ணீருக்கு அடங்கும். காய்ந்தபின் எதற்கும் அடங்காது. ஆதலின் யாம் யாத்த நூற்பா:

குடிக்குமுன் கழுவுக, குடித்தவன் கழுவான்.

இதற்கு எம் சித்தப்பா கொள்ளும் பொருள் வேறு. அது ஜூசரைப் பற்றியதன்று.

கரட்டின் செம்மஞ்சள் நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே பிளாஸ்டிக்கில் ஏறிய கறையைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துச் சவர்க்காரம் போடுக. தலைக்கு வைத்ததில் மிச்சம் போதும். மோட்டர் இருக்கும் அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துக, அதுவும் பிளக்கைக் கழற்றியபின். அதைப் பைப்புக்குக் கீழே பிடித்தவர் எம் வீட்டில் உளர். இவ்வாய்வின் செலவை ஏற்றவர் ஆதலின் பெயர் சொல்லோம்.

ஓடும்போது உள்ளே பெரிதாய்ப் பொறி பறந்து, விட்டுவிட்டுச் சுழன்றால், உடனே ஒப்பாரி வைக்கற்க. மோட்டருக்குள் சுழலும் செப்பு வளையத்தை உரசியிருக்கும் இரு கரித்துண்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். கார்பன் பிரஷ் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். நான் போன கடையில், “சாமான் வராதுண்ணே, புதுசு எடுங்க” என்றார்கள். பக்கத்துக் கடையில் அதே சாமான் டப்பா நிறையக் கிடந்தது. அதை வாங்கி மாற்றியபின் ஜூசர் இரண்டு வருடம் உழைத்தது.

பிறகு மெய்யாகவே இறந்தது. இறந்த ஜூசர் அலுமாரி மேல் ஏறும். அங்கே கேசட் ரேடியோவும் பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டியும் முன்னரே எழுந்தருளியிருக்கும். இது சமாதியா, சுவடிக்கூடமா என்பதில் அறிஞரிடையே, அதாவது எனக்கும் மனைவிக்கும், கருத்து வேறுபாடு உண்டு. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடித் தொன். முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம்தான். மிச்சத்தில் எம் பங்கு அலுமாரி மேல்.

தெருவில் பழைய இரும்பும் போத்தலும் கேட்டு வருபவர் செப்புக்காக மோட்டரை மட்டும் கேட்டார். கொடுக்க மனம் இருந்தது. ஆனால் செப்பை எடுக்க வயரை எரிப்போரும் உண்டு. பிவிசி உறை எரிந்தால் அமிலப் புகையும் டையொக்சினும் கிளம்பும், அதுவும் ஒருவர் முற்றம் மற்றவர் சன்னலாய் இருக்கும் நம் தோட்டங்களில். எனவே பாகம் பிரிக்காமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்ப்பதே முறை எனத் துணிந்தோம்.

பையில் போடும்போது மாமி எட்டிப் பார்த்தார்.

“கழுவுனியா தம்பி?”

“தூக்கிப் போடுறதுக்கா மாமி?”

“அழுக்கோட அனுப்புனா நம்மளத்தானே சொல்லுவாங்க.”

மீண்டும் 17 நிமிடம்.

ஜூசர் போன மூன்றாம் நாள், பழத்தை அமுக்கும் தள்ளுகட்டை மட்டும் அரிசி வாளிக்குள் அகப்பட்டது. இப்போது அது அலுமாரி மேல் இருக்கிறது.