தட்டையும் சேர்த்துச் சாப்பிடவும்

பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு முடிவு கட்டிய ஊர் என்று டர்பனுக்கு ஒரு சிலையே வைக்கலாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இந்துமாக்கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்த ஊரில் குழம்பு ஊற்றித் தரும் பாத்திரமே பிரெட்தான். துண்டு போடாத வெள்ளை பிரெட்டைக் கால்வாசிக்கு வெட்டி, நடுவில் இருக்கிற பஞ்சைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் மட்டன் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தோண்டிய பஞ்சையே மூடியாக வைத்துக் கொடுப்பார்கள். பெயர் பன்னி சௌ. பதறவேண்டாம், உள்ளே இருப்பது ஆட்டுக்கறி. சைவர்களுக்கு பீன்ஸ் குழம்பும் உண்டு. கால், அரை, முழுசு என்று பிரெட்டின் அளவைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். குடும்பத்தோடு போய், பட்டப்பகலில், “எனக்கு ஒரு குவார்ட்டர்” என்று உரக்கச் சொல்லலாம்.

இதைச் சாப்பிட ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. முள்கரண்டி கேட்டால் தருவார்கள், மரியாதைதான் குறையும். முதலில் மூடியை எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பிறகு சுவரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து இறங்கி வரவேண்டும். குழம்பின் மட்டத்துக்குக் கீழே எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது. முல்லைப் பெரியாறு செய்திகளை இத்தனை வருஷமாகப் படித்துவருகிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. என் எதிர் மேஜையில் கோட்டு போட்ட ஒருவர் டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். கடைசியில் மிஞ்சிய அடிப்பாகம் எண்ணெய் குடித்துச் செக்கச்செவேல் என்று இருந்தது. அதை நான்காக மடித்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த துருவிய கேரட்டும் வெங்காயமும் மட்டும் தொடப்படாமல் கிடந்தன. உலகமெங்கும் காய்கறியின் கதி இதுதான் போலிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பழைய இந்தியக் கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட் பக்கம் இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்காமல் இருப்பது நல்லது. அடிக்கடி காதில் விழுவது நிறவெறிக் காலத்துக் கதை. கறுப்பினத்தவர் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடச் சட்டம் இடம் கொடுக்காததால், பின்வாசல் வழியாகப் பார்சல் கொடுத்தார்களாம். பார்சல் கட்டப் பாத்திரம் இல்லை, பிரெட் இருந்தது. இவ்வளவு ருசியான ஒன்றுக்கு அவ்வளவு கேவலமான ஒரு சட்டம் காரணமாக இருந்திருக்கலாம் என்பது தொண்டையில் கொஞ்சம் அடைக்கத்தான் செய்கிறது.

அந்தக் குழம்பு நம்முடைய தூரத்துச் சொந்தம். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும். அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு என்று தோட்டத்தில் அளந்துபோட்ட ரேஷனை வைத்துக்கொண்டு ஊர்ச் சாப்பாட்டை ஞாபகத்திலிருந்து சமைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலையை விடவில்லை, புளியை விடவில்லை. தேங்காயைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் உருளைக்கிழங்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. மட்டனிலும் அது, கோழியிலும் அது. பிரியாணியிலும் மசூர்ப் பருப்பின் துணையோடு அதுவே. கறித்துண்டு குறைந்தால் பொறுத்துக்கொள்கிற டர்பன்காரர், உருளைக்கிழங்கு வராவிட்டால் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பார்.

காரம் பற்றி நமக்கு ஒரு கர்வம் உண்டு. அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்குள் நுழையவேண்டும். மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து, உச்சியில் பெயர்ப்பலகை குத்தியிருக்கிறார்கள். அதிகக் காரமான பொடிக்கு ‘மாமியார் ஒழிப்பு மசாலா’ என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். கூட்டுக்குடும்பத்திலிருந்து போன நான் அந்தக் குவியலை மரியாதையாகச் சுற்றி வந்து, சீரகம் வாங்கினேன். கடற்கரையில் அன்னாசிப்பழத்தின் மேலும் மசாலா தூவுகிறார்கள். அந்த ஊர் வெயிலில் அது தப்பாகத் தெரியவில்லை.

ஜூன், ஜூலையில் கடலே வந்து பரிமாறுகிறது. குளிர்ந்த நீரோட்டத்தோடு மத்தி மீன் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் ஏறி வரும். செய்தி பரவியதும் வாளி, கூடை, தொப்பி, சட்டை, முந்தானை என்று கைக்குக் கிடைத்ததோடு ஜனங்கள் அலைக்குள் ஓடுகிறார்கள். பின்னாலேயே டால்பினும் சுறாவும் பந்திக்கு வந்துவிடும். குளிப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கடலில் போட்டிருக்கும் சுறா வலைகளில் இந்த விருந்தாளிகள் சிக்கிச் சாகாமலிருக்க, அந்தச் சமயம் வலைகளையே எடுத்துவிடுகிறார்கள். காலையில் யானை விலை சொன்ன பெட்டி மீன், அடுத்தடுத்து வலை கரையேற ஏறப் பூனை விலைக்கு வந்துவிடும்.

நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி அந்த மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்து, அன்றைக்குத் தொடவே விடவில்லை. மறுநாள்தான் ஊறுமாம். திருநெல்வேலியில் என் பெரியம்மா போட்ட அதே சட்டம். ஆன்ட்டிக்குத் தேவாரம் தெரியும், அதுவும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து. மற்றபடி வீட்டுப் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். மூதாதையர் மண்ணைப் பார்க்கவேண்டும் என்று ஒருமுறை சென்னை, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிவிட்டு வந்தவர்.

“எங்கள் ஊர் எப்படி இருந்தது ஆன்ட்டி?” என்று கேட்டேன்.

“அருமையான ஊர்ப்பா. கோயில் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புடவையும் நிறைய வாங்கினேன்.” கொஞ்சம் தயங்கினார். விருந்தாளி மனம் புண்படக் கூடாதே என்கிற தயக்கம். “இந்தியச் சாப்பாடுதான் எங்கேயுமே சரியாகக் கிடைக்கவில்லை.”

பக்கத்திலிருந்த அங்கிளும் வருத்தத்தோடு தலையாட்டினார். நம் தரப்பில் சொல்ல எனக்கு வாதங்கள் இருந்தன. ஆனால் ஆன்ட்டியின் கரண்டி அப்போது என் தட்டுக்கு மேலே வந்து நின்றிருந்தது. அதில் ஒரு முழு உருளைக்கிழங்கும் இருந்தது.