வளைவில் நிற்க ஆள் வேண்டும்

கேள்வி: பிரிட்டனில் ஸ்லாட் கார் (தடத்தின் பள்ளத்தில் மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) பந்தய கிளப்களுக்கு ஆள் வருவது குறைகிறதாமே, எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: 1957-இல் ஃபிரெட் ஃபிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் விளையாட்டை அறிமுகப்படுத்தியபோது வாய்பிளந்து பார்த்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். ஆள் குறைந்தால் முதலில் தவிப்பது வளைவுதான். வேகம் மிஞ்சித் துள்ளி விழும் காரைத் திரும்பத் தடத்தில் வைக்க, அந்தச் சுற்றில் ஓட்டாதவர்கள் அங்கே நிற்க வேண்டும். பையனைக் கூட்டிவரும் அம்மாவை அங்கே நிறுத்துங்கள். அடுத்த வாரம் காரை ஓட்ட அவரே கன்ட்ரோலர் கேட்பார்! மோட்டாரை முறுக்கேற்றி வைத்திருக்கும் மூத்தவர் ஒரு பொடியனை மூன்று சுற்று முந்தினால் கோப்பை வரும், பொடியன் வரமாட்டான். புதியவர்களுக்கு கிளப்பே இரவல் கார் கொடுத்து, பெட்டியிலிருந்து எடுத்தபடி ஓடும் ஒரே ரக 1:32 அளவுக் கார்களில் தனிப் பந்தயம் வைக்கட்டும். மாலை ஆறுக்கே தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி இருக்கிறது.