ஆப்ட் சொல்வதைக் கேளுங்கள்: லினக்ஸ் கேள்வி–பதில்

கே: உபுண்டுவில் ஒரு டெப் கோப்பை இறக்கி நிறுவினேன். அன்றிலிருந்து எதை நிறுவப் போனாலும் ‘அன்மெட் டிபெண்டன்சீஸ்’ என்று நிற்கிறது. கணினிக்கு என்மேல் கோபமா?

ப: கோபமில்லை, பொறுப்பு. நீங்கள் ‘டிபிகேஜி -ஐ’ கொடுத்து நிறுவியிருப்பீர்கள். டிபிகேஜி ஒரு சமையல்காரர். கொடுத்த சாமானை வைத்துச் சமைப்பார், கடைக்குப் போக மாட்டார். கடைக்குப் போய் வருவது ஆப்ட். சார்ந்திருக்கும் பேக்கேஜ் கிடைக்காவிட்டால் டிபிகேஜி உங்கள் கோப்பைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதி முடியாமல் ஆப்ட் புது வேலையைத் தொடாது. ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ கொடுங்கள். குறைவதைத் தேடி எடுத்து வரும். எங்கும் கிடைக்காவிட்டால் நீங்கள் போட்டதையே நீக்கவா என்று கேட்கும். நீக்கச் சொல்லுங்கள், நஷ்டமில்லை. அடுத்த முறை ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று எழுதி, கோப்பின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேருங்கள். சார்புகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கே: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இனி என்ன?

ப: ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பிறகு மேலே சொன்ன ஃபிக்ஸ்-புரோக்கன். பெரும்பாலும் இவ்வளவுதான். ‘லாக்’ பிழை வந்து, லாக் கோப்பை அழி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உபுண்டு பின்னணியில் தானாகவே அப்டேட் செய்துகொண்டிருக்கலாம், முடியும்வரை பொறுங்கள்.

கே: ‘யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்கிறது. நான் எதையும் பிடித்து வைக்கவில்லையே!

ப: உங்களை நம்புகிறேன். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்துப் பாருங்கள், பட்டியல் காலியாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளின் கூட்டணி அமையவில்லை என்பதைத்தான் ஆப்ட் இப்படிச் சொல்கிறது. ஒரு பேக்கேஜ் ஒரு நூலகத்தின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும். உங்களிடம் அதைவிடப் புதியது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது? எப்போதோ ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு பிபிஏவிலிருந்து, அதாவது வெளியார் களஞ்சியத்திலிருந்து, வந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘ஆப்ட் பாலிசி’ என்று எழுதி, பக்கத்தில் அந்த நூலகத்தின் பெயரைக் கொடுங்கள். எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும். குற்றவாளி பிபிஏ என்று தெரிந்தால் ‘பிபிஏ-பர்ஜ்’ என்ற கருவியை நிறுவி ஓட்டுங்கள். பிபிஏவை நிறுத்திவிட்டு, உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கே திருப்பிவிடும்.

டெபியன் ஸ்டேபிளில் அன்ஸ்டேபிள் களஞ்சியத்தைக் கலப்பவர்களுக்கும் இதே கதிதான். அப்படிக் கலந்ததை டெபியன்காரர்கள் பிராங்கன்டெபியன் என்பார்கள். அதைச் சரிசெய்வதைவிட மறுபடி நிறுவுவது பல சமயம் எளிது.

கே: ‘ஃபோர்ஸ்’ என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறதே, மிரட்டினால் வழிக்கு வராதா?

ப: வரும். வந்து உங்கள் காலிலேயே விழும், பெருங்கல்லாக! 2021 நவம்பரில் உலகமே பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப் போனார். களஞ்சியத்தில் இருந்த சார்புக் கோளாறால், டெஸ்க்டாப்பையே நீக்கினால்தான் ஸ்டீம் வரும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ஆபத்து என்று எச்சரித்து, ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. புதிதாக வந்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி. நீண்ட பட்டியலுக்கு நடுவே ஓடிய எச்சரிக்கை யார் கண்ணில் படும்? ஆப்டை உருவாக்குபவர்களும் இதை உணர்ந்தார்கள். இன்றியமையாத பேக்கேஜ்களை அவ்வளவு சுலபமாக நீக்கவிடாதபடி அதே ஆண்டிலேயே மாற்றினார்கள்.

ஆகவே ‘ஒய்’ தட்டுமுன், எதையெல்லாம் நீக்கப் போகிறது என்ற வரியைப் படியுங்கள். அதில் டெஸ்க்டாப்பின் பெயர் தெரிந்தால் ‘என்’ தட்டுங்கள். ஆப்ட் கட்டளையில் ‘-எஸ்’ சேர்த்தால் எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும்.

கே: டெர்மினல் என்றாலே எனக்கு நடுக்கம்.

ப: நடுங்க வேண்டாம். சினாப்டிக் என்ற வரைகலைப் பேக்கேஜ் கருவியைத் திறந்து, எடிட் மெனுவில் ‘ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்’ சொடுக்குங்கள்.

கே: இத்தனை வருடமாகியும் இந்தத் தொல்லை ஏன் தீரவில்லை?

ப: டெபியன் 1993-ல் தொடங்கியது. ஆப்ட் 1999-ல் டெபியன் 2.1-உடன் வந்தது. அதுவரை சார்புகளைத் தேடிக் கட்டியவர்களைக் கேட்டால் ஆப்டுக்குக் கோயிலே கட்டுவார்கள். எல்லாப் பேக்கேஜும் ஒத்துப்போகும் கூட்டணியைக் கண்டுபிடிப்பது, பொதுவாகப் பார்த்தால், கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று. அதனால்தான் ஒரே களஞ்சியத்துக்குள் சோதித்துச் சேர்த்ததை மட்டும் பயன்படுத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஃப்ளாட்பேக், ஸ்னாப் இரண்டும் சார்புகளில் பெரும்பகுதியைத் தம்மோடே கொண்டுவரும். சண்டை குறையும், டிஸ்க் இடம் கூடுதலாகப் போகும். சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அதை வைத்திருப்பவர்களுக்கும் டிபிகேஜி, ஆப்ட் பற்றி மேலே சொன்னது பொருந்தும்.

கேள்வி அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே அனுப்புங்கள்.