பல்லி நிரபராதி!

கே: மாதம் தவறாமல் வாய்ப்புண். உடம்புச் சூடு என்று தினமும் இளநீர் வாங்கிக் கொடுக்கிறார் மாமியார். சரிதானா? (திண்டுக்கல் வாசகி)

ப: இளநீர் வாங்கித் தரும் மாமியாரைத் திருத்த நான் யார்! குடித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அடிக்கடி புண் வருகிற சிலருக்கு இரும்புச்சத்தோ, பி12-ஓ, ஃபோலிக் அமிலமோ குறைந்திருக்கும். தூக்கம் கெட்டாலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் வரும். நுரைக்காக பேஸ்ட்டில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஆகாது. அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிப் பாருங்கள். நடுவில் வெளுத்து, சுற்றிச் சிவந்து, தொட்டால் உயிர்போகிற இந்தச் சின்ன வட்டப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். யாருக்கும் ஒட்டாது.

கே: மணத்தக்காளிக் கீரைக்கு வாய்ப்புண் ஆறுமா, ஆறாதா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (மதுரை வாசகர்)

ப: ஆறும். இரண்டாவது வார்த்தைக்கு அனுமதி கொடுத்தால்: சாப்பிடாவிட்டாலும். கூட்டு ருசியாக இருப்பதால் நான் கீரைக் கட்சி.

கே: உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம். தூக்கத்தில் பல்லி எச்சமிட்டதாகப் பாட்டி சொல்கிறார். (கரூர் மாணவி)

ப: பல்லி நிரபராதி. அது ஹெர்ப்பிஸ் வைரஸின் வேலை. ஒருமுறை உள்ளே வந்தால் நரம்பில் பதுங்கிக்கொண்டு, காய்ச்சல், வெயில், அலைச்சல் என்று சாக்குக் கிடைக்கும்போதெல்லாம் எட்டிப்பார்க்கும். இது ஒட்டும். பொருக்கு உதிரும்வரை கைக்குழந்தைக்கு முத்தம் வேண்டாம். துண்டும் டம்ளரும் தனியாக இருக்கட்டும்.

கே: சிகரெட்டை விட்டேன். பரிசாக வாய்ப்புண் வந்தது. மறுபடி பிடித்தால் போய்விடுமா? (கோவை வாசகர்)

ப: விட்ட புதிதில் சிலருக்கு வருவது உண்மைதான். சில வாரத்தில் அடங்கிவிடும். சுருட்டுப் பிரியரான சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-ல் மேல் அண்ணத்தில் புற்றுநோய் தெரிந்தது. 1939-ல் சாகும்வரை முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். ஊரார் மனதையெல்லாம் அலசியவருக்குச் சுருட்டை மட்டும் விட மனம் வரவில்லை. நீங்கள் விட்டுவிட்டீர்களே, சபாஷ்!

கே: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் அம்மாவுக்கு வாய் முழுக்கப் புண். (சேலம் வாசகர்)

ப: இந்த பதிலைப் படித்து முடிக்காமல் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தவறுதலாக தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண் அதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருந்து எழுதிய டாக்டரிடம் பேசிவிடுங்கள். எண்ணிக்கை இடித்தால், இன்றே ஆஸ்பத்திரி.

கே: புகையிலை தொடமாட்டேன். வெறும் வெற்றிலை பாக்குதான். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. வலி கிடையாது. ரசம் மட்டும் எரிகிறது. (கும்பகோணம் வாசகர்)

ப: ‘வெறும்’ என்ற சொல்தான் உதைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று எழுதிவிட்டது. பாக்குதான் குற்றவாளி. அது கன்னத்தின் உட்பக்கத்தை நாராக இறுக்கும். முதலில் காரம் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும்.

ஒருவர் என்னிடம் வந்து, “கல்யாண வீட்டு லட்டைப் பிட்டுப் பிட்டுத்தான் போடமுடிகிறது, டாக்டர்” என்றார். பல்லில் கோளாறு என்று நினைத்திருந்தார். கன்னத்துக்குள் விரலை விட்டேன். இட்லி மாவைப் போல் குழைய வேண்டிய இடத்தில் கொடிக்கயிறு மாதிரி மேலும் கீழும் இழைகள் தட்டுப்பட்டன. உங்கள் நடு மூன்று விரல்களையும் செங்குத்தாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் வாய் இறுக ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, விரல்கள் நுழைந்தாலும் டாக்டரின் கண்ணில் படவேண்டியது. பாக்குப் பெட்டியை இன்றோடு மூடுங்கள். இறுகிய கன்னம் பழையபடி இளகுவது அபூர்வம்.

கே: பல் செட் உரசி, நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாக ஒரே புண். வலிக்கவில்லை. போனால் டாக்டர் கேன்சர் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கத்தி பட்டால் பரவும் என்கிறார்களே? (தஞ்சாவூர் வாசகர்)

ப: அவர் சொல்வதால் வருவதில்லை, ஐயா. வலிக்கிற புண்ணோடு அலறியடித்து வருகிறார்கள். வலிக்காத புண்ணோடு மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு பயம் இரண்டாவது ரகத்தில்தான். செட்டின் கூர்முனையைத் தேய்த்துவிட்டால், உரசலால் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவேண்டும். ஆறவில்லையென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். அதனால் எதுவும் பரவாது.

மற்றவர்களுக்கும் இதே கணக்கு. புண் வந்த அன்று தினசரி காலண்டரில் ஒரு பேனாக் கோடு. 14 தாள் கிழிந்தும் ஆறவில்லை, ஓரம் தடித்துக் கெட்டியாகிறது, சும்மாவே ரத்தம் கசிகிறது, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். தஞ்சாவூர்க்காரரே, உங்கள் காலண்டரில் 90 தாள் கிழிந்தாயிற்று. நாளைக் காலையே கிளம்புங்கள். பல் செட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.